கல்லில் ஒரு வரி, கல்கியில் ஐந்து பாகம்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "நீ ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட் ஆளாச்சே, ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுப்பா. ஆனா பாடப்புஸ்தகம் மாதிரி இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க" என்றார். கல்கியைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "அது கதையாச்சே, சரித்திரம் எங்கே இருக்கு அதிலே?" என்று மடக்கினார். நியாயமான கேள்வி. நம் கல்லூரியில் வரலாறு படித்த எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்போம். பி.ஏ. முதல் வருஷத்தில் எங்கள் வகுப்பில், "ஏன் வரலாறு எடுத்தீங்க?" என்று பேராசிரியர் கேட்டபோது பாதிப்பேர் 'பொன்னியின் செல்வன்' என்றுதான் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, "சரி, படிச்சது நல்லதுதான். ஆனா பரீட்சைப் பேப்பர்ல மட்டும் நந்தினி வரக்கூடாது!" என்றார்.

அந்த எச்சரிக்கைக்குப் பொருள் என்ன என்பதை ஒரு வாசகனாக எழுதிப் பார்க்கிறேன். நான் ஆராய்ச்சியாளன் அல்லன். கல்கியை நான்கைந்து முறை படித்தவன். அவர் கையாண்ட கல்வெட்டு, செப்பேட்டுச் செய்திகளைப் பின்னால் தேடிப் படித்தவன், அவ்வளவுதான்.

முதலில் ஆளைப் பற்றி. ரா. கிருஷ்ணமூர்த்தி 1899 செப்டம்பர் 9-ல் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவர். திருச்சியில் படித்துக் கொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கம் வந்தது. படிப்பை விட்டுவிட்டு வெளியே வந்தார். பட்டம் வாங்காதவர். (பட்டம் வாங்கிய நாம் பலரும் அவர் எழுதியதைப் படித்துத்தான் சோழர் வரிசையை மனப்பாடம் செய்தோம் என்பது வேறு விஷயம்!) மூன்று முறை சிறை சென்றார். திரு.வி.க.வின் 'நவசக்தி', திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியோடு 'விமோசனம்', பிறகு 'ஆனந்த விகடன்', 1941-ல் சதாசிவத்துடன் சேர்ந்து தொடங்கிய சொந்தப் பத்திரிகையான 'கல்கி' என்று அவர் வாழ்க்கை முழுவதும் பத்திரிகை அலுவலகத்திலேயே கழிந்தது. 'பார்த்திபன் கனவு', 'சிவகாமியின் சபதம்', 'பொன்னியின் செல்வன்' மூன்றுமே வாராவாரம் அச்சுக்குப் போன தொடர்கள்தாம். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை ஓடியது. அதே 1954 டிசம்பர் 5-ல் அவர் காலமானார். வயது ஐம்பத்தைந்து.

வாராவாரம் எழுதியது என்பதை மறந்துவிட்டு அவரைக் குறை சொல்லக்கூடாது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் யாரோ ஒருவர் இருட்டில் கத்தியோடு நிற்பார், கதவு தட்டப்படும், கூக்குரல் கேட்கும். அடுத்த வாரம் பார்த்தால் அது கோட்டானின் குரல்! புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கிறவர்களுக்கு இது அலுப்புத் தட்டலாம். ஏழு நாள் காத்திருந்து படித்த நம் பாட்டிமார்களுக்கு அலுக்கவில்லை. மணியம் வரைந்த படங்களோடு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் எத்தனை! எங்கள் பெரியம்மா வீட்டில் அப்படி ஒரு தொகுப்பு இருந்தது. கதையின் ஓரத்தில் பல்பொடி விளம்பரமும் இருக்கும். வானதிக்கு மயக்கம் வரும் இடத்தில் ஊட்டச்சத்து பானம் விளம்பரம் வந்திருந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வந்தியத்தேவன் யார்? ஐந்து பாகம் முழுக்கக் குதிரை ஓட்டி, கடல் கடந்து, பாதாளச் சிறையில் கிடந்து, பொய்யும் புளுகுமாக நம்மைக் கட்டிப்போட்ட அந்த வாணர்குலத்து வீரனைப் பற்றிச் சரித்திரம் என்ன சொல்கிறது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ராஜராஜனின் தமக்கையான குந்தவையைக் குறிப்பிடும்போது 'வல்லவரையர் வந்தியத்தேவர் மாதேவியார்' என்று வருகிறது. அதாவது, குந்தவையின் கணவர். முக்கியமான ஆதாரம் அவ்வளவுதான்! மனைவியின் பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழியாக நின்ற மனிதரைக் கல்கி எடுத்து, அவர் கையில் ஓலையைக் கொடுத்து, ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் நிறுத்தினார். சரித்திரக் கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரம் எவ்வளவு குறைவாகத் தெரிந்திருக்கிறதோ அவ்வளவு சௌகரியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ராஜராஜனையே கதாநாயகனாக வைத்திருந்தால் இப்படிப் பொய் சொல்ல விட்டிருக்க முடியுமா?

குந்தவைக்கு ஆதாரங்கள் நிறைய. தஞ்சையில் தந்தை சுந்தரசோழர் பெயரில் ஆதுரசாலை, அதாவது ஆஸ்பத்திரி, வைத்து அதற்கு மானியம் விட்டவர். தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் சமணருக்கும் ஆக மூன்று கோயில் கட்டியவர். பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்ததையும் 'அக்கன்' கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொல்லும்போது ராஜராஜன் அக்காவைத் தன் அடுத்தபடியாக, மனைவிமாருக்கு முன்னால், வைக்கிறார். கதையில் தம்பி அக்காவின் சொல்லைத் தட்டாதவனாக வருகிறானே, அது வெறும் கற்பனை இல்லை. ஒரே ஒரு சொல்லில் இருக்கும் பாசத்தை அவர் பாத்திரமாக விரித்தார்.

பழுவேட்டரையர்களும் நிஜம்தான். அரியலூருக்குப் பக்கத்தில் கீழப்பழுவூர், மேலப்பழுவூர் போனால் அவர்கள் எழுப்பிய கோயில்களும் கல்வெட்டுகளும் இன்றைக்கும் இருக்கின்றன. முதற் பராந்தகருக்குப் பெண் கொடுத்த குலம். கிழட்டு வயதில் இளம்பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஏமாந்த கதை மட்டும் கல்கியுடையது. பழுவூர்க்காரர்கள் அவரை மன்னித்து விட்டார்களா தெரியவில்லை!

எல்லாவற்றுக்கும் மையம் ஒரு கொலை. சுந்தரசோழரின் மூத்த மகன், பட்டத்து இளவரசர், 'வீரபாண்டியன் தலைகொண்ட' ஆதித்த கரிகாலர் கொல்லப்பட்டார். கொன்றது யார்? காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கரிகால சோழரைக் கொன்ற துரோகிகள் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன். இவர்களுடைய, இவர்கள் உறவினர்களுடைய நிலமும் உடைமையும் பறிமுதலாகி விற்கப்பட்ட விவரம் அதில் வருகிறது. அந்த நிலத்தை ஒருவர் வாங்கி, தண்ணீர்ப் பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் அறக்கட்டளையாக வைக்கிறார். கல்வெட்டு எழுந்ததே அந்த தர்மத்துக்காகத்தான். ஒரு மகா சாம்ராஜ்யத்தின் பெரிய ராஜகொலையைப் பற்றி நமக்குத் தெரிவது ஒரு நிலப் பத்திரத்தின் மூலமாக! சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் வேலை பார்க்கும் நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கர்வத்தோடு படிக்கலாம்.

இந்தக் காட்டுமன்னார்கோயில்தான் பழைய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். வீராணம் ஏரியை ஒட்டிய ஊர். கல்கி தம் கதையை எங்கே தொடங்கினார்? அதே வீராணம் ஏரிக்கரையில்! கொலை நடக்கும் இடமாக அவர் வைத்த கடம்பூரும் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நிஜத்தில் கரிகாலர் எந்த இடத்தில் கொல்லப்பட்டார் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் கொலைகாரர்களின் பெயர் எந்த ஊர்க் கல்லில் இருக்கிறதோ அந்த ஊரைச் சுற்றியே கதையின் முதல் காட்சியையும் உச்சக் காட்சியையும் கல்கி வைத்தார். முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் ஏரியை வேடிக்கை பார்த்துக்கொண்டு போகும்போது, அவன் பக்கத்திலேயே அந்தச் சாட்சி நின்று கொண்டிருக்கிறது. எனக்கு இது நாலாவது தடவை படித்தபோதுதான் உறைத்தது.

சரி, அந்த மூன்று பேர் ஏன் கொன்றார்கள்? கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. இங்கேதான் நம் வரலாற்றுப் பெரியவர்கள் இரண்டு கட்சியானார்கள். 'சோழர்கள்' எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார், கரிகாலர் போன பிறகு பட்டத்துக்கு வந்த சிற்றப்பா முறையான உத்தம சோழருக்கு இதில் பங்கு இருக்கக்கூடும் என்று சந்தேகப்பட்டார். உத்தம சோழர் ஏறத்தாழ பதினைந்து வருஷம் ஆண்டார். அந்தக் காலம் முழுதும் கொலைகாரர்கள் தண்டிக்கப்படாமல் இருந்து, ராஜராஜன் வந்த பிறகுதான் சொத்து பறிமுதல் ஆயிற்று என்றால் என்ன அர்த்தம்? இது அவர் கேள்வி. 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. அப்படி ஒரு கறை இருந்திருந்தால் ராஜராஜன் அந்தக் குடும்பத்தோடு அவ்வளவு இணக்கமாக இருந்திருப்பாரா? அதுவும் தவிர, கல்வெட்டின் தேதி நில விற்பனைக்குத்தானே, தண்டனை அதற்கு முன்பே கிடைத்திருக்கலாமே என்றும் ஒரு வாதம் உண்டு. மூன்றாவதாக, பாண்டியன் தலையைக் கொண்டவனைப் பாண்டிய நாட்டார் பழிவாங்கியிருக்கலாம் என்பது இன்னொரு கட்சி. 'பஞ்சவன்' என்றால் பாண்டியன். ஆகையால் ரவிதாசன் பாண்டிய அதிகாரி என்பார்கள். இந்த வாதம் எனக்கு அவ்வளவு பலமாகப் படவில்லை. ராஜராஜனின் தேவியரில் ஒருவர் பெயரே பஞ்சவன் மாதேவி. பட்டீஸ்வரத்தில் அவருக்குப் பள்ளிப்படை இருக்கிறது. பாண்டியனை ஜெயித்த சோழர்கள் அந்தப் பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். தம்பிக்கோ 'இருமுடிச்சோழன்' பேரில் பட்டம். வீட்டுக்குள்ளேயே இருந்த உத்தியோகஸ்தர்கள் போலத்தான் தெரிகிறது.

கல்கி என்ன செய்தார் பாருங்கள். கோர்ட்டில் இரண்டு கட்சி வக்கீல்களும் முறைத்துக் கொண்டிருக்கும்போது, இரண்டு பேருமே ஜெயிக்கும்படி ஒரு தீர்ப்பு எழுதினார்! கதையில் மதுராந்தகர் ஒருவர் இல்லை, இருவர். குழந்தையில் மாற்றி வளர்க்கப்பட்ட ஒரு மதுராந்தகன். அவன் ராஜ்ய ஆசை பிடித்தவன், சதியில் பங்கு கொண்டவன். நிஜமாகச் செம்பியன் மாதேவி வயிற்றில் பிறந்த பிள்ளை, பூக்கட்டிக் கோயிலுக்குக் கொடுக்கும் சாது சேந்தன் அமுதன். சதி செய்தவன் வேறு. உத்தம சோழர் என்ற பெயரில் சிம்மாசனம் ஏறியவர் வேறு. சாஸ்திரியாரின் சந்தேகம் முதல் ஆளுக்கு, பண்டாரத்தாரின் விடுதலை இரண்டாவது ஆளுக்கு. பாண்டிய ஆபத்துதவிகளைக் கொண்டு வந்து மூன்றாவது கட்சியையும் திருப்திப்படுத்தினார். கொலைக் காட்சியிலோ, விளக்கை அணைத்துவிட்டு, யார் கை யார் கத்தி என்று கடைசிவரை வாசகன் அடித்துச் சொல்ல முடியாதபடி விட்டார். ஆதாரம் எங்கே நிற்கிறதோ அங்கே கதையும் நின்றது. படிக்கும்போது "ஏன் ஸார் இப்படி மழுப்பறார்?" என்று கோபம் வரும். சாஸ்திரியாரையும் பண்டாரத்தாரையும் படித்த பிறகு அந்தக் கோபம் மரியாதையாக மாறிவிடும்.

நான் கல்கி பக்தன்தான். ஆனாலும் இரண்டு இடத்தில் அவரோடு சண்டை போடுவேன்.

முதலாவது, அந்த மூன்று சகோதரர்கள். கல்லில் அவர்கள் 'பிரமாதிராசன்' பட்டம் பெற்ற பெரிய அதிகாரிகள். ராஜாங்கத்தின் உள்ளே, கோப்பும் முத்திரையுமாக இருந்தவர்கள். கல்கியிடம் அவர்கள் காட்டில் ஆந்தை போலக் கத்தும் மந்திரவாதிகளாகவும் தேவராளனாகவும் ஆகிவிட்டார்கள். கொலை வெளியிலிருந்து வந்ததாகிவிட்டது. உள்வீட்டுப் பகை வெளியார் பகையாக மாறினால் சோழர் குடும்பத்தின் மானம் பிழைக்கிறது. ஆனால் சரித்திரத்தில் மிகவும் கூர்மையான கேள்வி, 'தன் சொந்த அதிகாரிகளே ஏன் இளவரசரைக் கொல்ல வேண்டும்?' என்பது, கதையில் கேட்கப்படாமலே போய்விட்டது. கரிகாலர் காஞ்சியில் தனிச் செல்வாக்கோடு இருந்தவர். வீரபாண்டியன் தலையை வெட்டிய கோபக்காரர். அவரைப் பார்த்துப் பயந்தவர்கள் தஞ்சையில் எத்தனை பேரோ! இந்தக் கல்வெட்டை எடுத்துக்கொண்டு ஜாதிச் சண்டை போடுகிறவர்களும் இன்று இருக்கிறார்கள். மூன்று சகோதரர்கள் செய்ததை ஆயிரம் வருஷம் கழித்து ஒரு கூட்டத்தார் தலையில் கட்டுவதோ, கல்வெட்டே பொய் என்று மறுப்பதோ இரண்டுமே வரலாற்று மாணவன் செய்யக்கூடாத வேலை.

இரண்டாவது சண்டை, தியாகம் பற்றியது. ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர். தன் தலையில் ஏற வேண்டிய கிரீடத்தை அருள்மொழி எடுத்துச் சிற்றப்பாவின் தலையில் வைக்கிறாரே, அந்த இடத்தைப் படித்துக் கண் கலங்காதவர்கள் குறைவு. இதற்கு ஆதாரம் திருவாலங்காட்டுச் செப்பேடு. 1905-ல் கிடைத்தது. கரிகாலர் மறைந்த பிறகு குடிமக்கள் அருள்மொழியை அரசராகும்படி வேண்டினார்கள். சிற்றப்பாவுக்கு நாட்டில் ஆசை இருக்கும்வரை மனத்தாலும் தான் அதை விரும்பவில்லை என்று அவர் மறுத்தார். மதுராந்தகர் அவரை இளவரசராக்கிவிட்டுத் தாம் ஆண்டார் என்பது அதன் சாரம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் செப்பேட்டை வெட்டுவித்தது யார்? அருள்மொழியின் மகன் ராஜேந்திரன். ஒரு மகனின் அரசவையில், அப்பாவைப் பற்றி வேறு எப்படி எழுதுவார்கள்? 'இப்போ நீங்க ஆளுங்க, உங்களுக்கு அப்புறம் நான்' என்று குடும்பத்துக்குள் ஓர் ஒப்பந்தம் நடந்து, அது பிறகு தியாகமாக மெருகேறியிருக்கவும் கூடும். கல்கிக்கு இது தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். ஆனால் அவர் எழுதிய காலத்தைப் பாருங்கள். குடியரசு பிறந்த வருஷம் தொடர் ஆரம்பமாகிறது. முதல் பொதுத் தேர்தல் நடந்து, நேற்றுவரை ஜெயிலில் இருந்தவர்கள் நாற்காலிக்கு முண்டியடித்த நேரம் அது. காந்தியின் சொல் கேட்டுப் படிப்பை விட்ட மனிதர், பதவியை வேண்டாம் என்று சொன்ன ஒருவனைத் தேடிப் போனதில் ஆச்சரியமில்லை. செப்பேட்டில் அப்படி ஒருவன் கிடைத்தான். விட்டுவிட மனம் வருமா? பத்தாம் நூற்றாண்டைப் பற்றிய புத்தகத்தில் 1950-களின் ஏக்கம் இருக்கிறது. எனக்கு அந்த ஏக்கமும் சரித்திரமாகத்தான் தெரிகிறது, என்ன, வேறு நூற்றாண்டின் சரித்திரம்.

'சிவகாமியின் சபத'த்தைப் பற்றி இரண்டு வார்த்தையாவது சொல்லாவிட்டால் என் மனைவி கோபித்துக் கொள்வாள். அவள் சிவகாமி கட்சி. அதிலும் இதே வித்தைதான். சேக்கிழார் சிறுத்தொண்டர் புராணத்தில், பரஞ்சோதியார் மன்னருக்காகப் படையெடுத்துப் போய் வாதாபியைத் தூளாக்கினார் என்று சொல்கிறார். மன்னர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம் புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டு (634), பல்லவனைக் காஞ்சிக் கோட்டை மதிலுக்குள் ஒளிய வைத்ததாகப் பெருமையடிக்கிறது. கூரம் செப்பேடோ, மணிமங்கலம் முதலான போர்களில் புறமுதுகிட்ட புலிகேசியின் முதுகில் நரசிம்மவர்மன் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்று பதிலடி கொடுக்கிறது. பாதாமியில் பாறைமேல் நரசிம்மவர்மனின் கல்வெட்டு, சிதைந்த நிலையில், இருக்கிறது. இரண்டு நாட்டு ராஜாக்களும் கல்லிலும் செம்பிலும் மாறிமாறி வாய்ச்சண்டை போட்டதை, ஒரு சிற்பியின் மகளின் பிடிவாதத்தால் நடந்த யுத்தமாக மாற்றினார் கல்கி. ஆயனர், சிவகாமி இருவரும் கற்பனை. அவர்கள் இல்லாமல் இன்று மாமல்லபுரத்தில் சுற்றிப் பார்க்கத் தமிழனால் முடியுமா? மகேந்திரவர்மர் மட்டும் கற்பனையையும் மிஞ்சியவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் பொறித்து வைத்தவர்; 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று நகைச்சுவை நாடகம் எழுதியவர். ராஜாவே தன் ஊர்க் குடிகாரச் சாமியார்களைக் கிண்டல் பண்ணுகிறார்! கல்கிக்கு இவர்மேல் இருந்த பிரியத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை; இருவரும் ஹாஸ்ய எழுத்தாளர்கள். ஆனால் நாகநந்தியைப் பிக்ஷுவாக்கி, காவி உடைக்குள் ஒற்றனையும் காமுகனையும் வைத்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. பௌத்தர்கள் தமிழகத்தில் சத்தமில்லாமல் மறைந்து போனவர்கள். அவர்கள் தரப்பைச் சொல்ல ஆளில்லை. அதனால் இது என்னை உறுத்துகிறது.

கல்கிக்கு முன்பே தமிழில் சரித்திர நாவல் உண்டு. திருகோணமலைக்காரரான தி.த. சரவணமுத்துப் பிள்ளையின் 'மோகனாங்கி' 1895-லேயே வந்துவிட்டது. கல்கிக்குப் பிறகு சாண்டில்யன், அகிலன், ஜெகசிற்பியன், நா. பார்த்தசாரதி, விக்கிரமன், பாலகுமாரன் என்று ஒரு பெரிய வரிசை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் பொன்னியின் செல்வன் நின்ற இடத்திலிருந்தே கதையைத் தொடர்ந்தார். ஹாஸ்டலில் சாண்டில்யன் கட்சி, கல்கி கட்சி என்று இரவு முழுக்க வாதம் நடக்கும். 'கடல் புறா' மூன்று பாகமும் நம் லைப்ரரியில் ஒரு நாளாவது அலமாரியில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. யார் பெரியவர் என்ற அந்தப் பஞ்சாயத்தை ரீயூனியன் அன்று சாப்பாட்டுப் பந்தியில் தீர்த்துக்கொள்ளலாம்.

2022-லும் 2023-லும் மணிரத்னத்தின் படம் இரண்டு பாகமாக வந்தபோது, கல்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத தலைமுறை திடீரென்று சோழர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. என் அண்ணன் பேத்தி, இப்போது நம் கல்லூரியிலேயே படிக்கிறாள், "தாத்தா, நந்தினி சமாதி எங்கே இருக்கு?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது. "நந்தினி கல்கியோட மனசுல இருந்தாம்மா" என்றேன். "அப்போ வந்தியத்தேவன்?" "அவர் தஞ்சாவூர்க் கல்லுல இருக்கார்." "பூங்குழலி?" "இல்லை." "செம்பியன் மாதேவி?" "கோனேரிராஜபுரம் போனா அவங்க உருவமே இருக்கும்." கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பேப்பரில் இரண்டு பத்தி போட்டு எழுத ஆரம்பித்துவிட்டாள், இந்தப் பக்கம் நிஜம், அந்தப் பக்கம் கதை என்று. இளவரசர் கொல்லப்பட்ட இரவு வந்ததும், எந்தப் பத்தியில் எழுதுவது என்று கேட்டாள். நடுவில் ஒரு கோடு போட்டு அதன்மேல் எழுதச் சொன்னேன்.

கல்கி தம் நாவலுக்கு ஒரு முடிவுரை எழுதினார். அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று துளைத்தெடுத்த வாசகர்களுக்கு அதில் பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் பதில் சொல்லாமல் விட்ட ஓர் ஆள் எனக்கு உண்டு. உத்தம சோழருக்கு ஒரு மகன் இருந்தார். மதுராந்தகன் கண்டராதித்தன் என்று பெயர். அப்பா ராஜா, ஆனால் பட்டம் இவருக்கு வரவில்லை, பெரியப்பா பிள்ளைக்குப் போயிற்று. சரித்திரத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் வழக்கமாகக் கலகம் செய்வார்கள், அல்லது காணாமல் போவார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. ராஜராஜனிடமே கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் அதிகாரியாக வேலை பார்த்தார். ஊர் ஊராகப் போய்க் கோயில் கணக்குகளைச் சோதித்து, தர்மப் பணத்தில் கைவைத்தவர்களைத் தண்டித்த விவரங்கள் கல்வெட்டுகளில் கிடைக்கின்றன. பாட்டி செம்பியன் மாதேவி கட்டிய கற்றளிகள் பலவற்றின் வாசலிலும் ஆடிட்டராக இவர் போய் நின்றிருப்பார். அரியணை கைநழுவிப் போனவருக்கு, அதில் உட்கார்ந்திருப்பவரின் கணக்கைச் சரிபார்க்கிற உத்தியோகம்! ராத்திரி எந்தச் சத்திரத்தில் படுத்தார், ராஜராஜன் முன்னால் போய் நிற்கும்போது அவரை என்னவென்று கூப்பிட்டார், உடையார்குடிப் பக்கம் போனபோது அந்தக் கல்லைப் படித்தாரா? இவரை வைத்து யாரும் நாவல் எழுதியதாக என் கண்ணில் படவில்லை. தற்போது வரலாற்றுத் துறையில் இருக்கும் மாணவ மாணவியரில் யாருக்காவது கை துறுதுறுத்தால், கல்வெட்டுத் தொகுதிகள் நம் நூலகத்திலேயே இருக்கின்றன. தூசி தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.